செவிக்கு ஒரு சாஸ்திர தானம்

(குச்சனூரில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நூல்களைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தார்கள். நான் சமண சமயத்தில் பிறந்தவன் அல்லன். ஆனால் சமணப் பெரியோர் இயற்றிய தமிழைக் கற்பித்து வயிறு வளர்த்தவன். பவணந்தி முனிவரின் நன்னூலை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்தவன். அந்த உரிமையில் வந்து நிற்கிறேன். நூல்களைக் கண்ணால் படிப்பதைப் பற்றிப் போதிய அளவு பேசிவிட்டேன். இன்று நூல்களைக் காதால் கேட்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காசு செலவின்றி, அறத்திற்கும் சட்டத்திற்கும் மாறுபடாமல், நம் கைப்பேசியிலேயே நல்ல நூல்களைக் கேட்க என்னென்ன வழிகள் உண்டு என்பதே என் உரையின் பொருள்.

இந்தப் பொருளை என் தாயாரே எனக்குத் தந்தார். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; படிப்பை விட்டவர் அல்லர். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துத் தைத்துப் புத்தகமாக்கிப் பெட்டியில் வைத்திருந்தார். எழுபத்து நான்காம் வயதில் கண் நீரழுத்த நோயால் பார்வை மங்கத் தொடங்கி, ஓராண்டிற்குள் எழுத்து முற்றிலும் மறைந்தது. அன்று முதல் மாலைதோறும் நான் படித்துக் காட்டினேன். முதல் மாதம் நாள்தோறும். அடுத்த மாதம் வாரத்தில் மூன்று நாள். பிறகு, “நாளைக்குப் படிக்கிறேன் அம்மா” என்று சொல்லும் நாள்களே மிகுதியாயின. ஒருநாள் அவர், “ஏய்யா, ஒனக்கு வேலை கெடக்கும். நான் ரேடியோவக் கேட்டுக்கிறேன்” என்றார். கடிந்து சொன்ன சொல் அன்று. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாளே கைப்பேசியில் இலவச ஒலிநூல்களைத் தேடினேன். ‘முற்றிலும் இலவசம்’ என்று அறிவித்த ஓரிடத்தில் பெயரைக் கேட்டார்கள், கொடுத்தேன். வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். முப்பது நாள் கழித்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. நிறுத்துவதற்குள் இன்னொரு மாதமும் போயிற்று. நான் பட்ட அந்த அவதியை நீங்கள் படாதிருக்க வேண்டும் என்பதும் இந்த உரையின் ஒரு நோக்கம்.

கேள்வி என்னும் பழைய வழி

ஒலிநூல் என்றதும், படிக்கச் சோம்பியவர்களின் புதிய பழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். திருவள்ளுவர் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். சமண மரபில் நூலறிவிற்கே ‘சுருத ஞானம்’ என்று பெயர். சுருதம் என்றால் கேட்கப்பட்டது. ஆகமங்கள் பன்னெடுங்காலம் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு வந்தவை. நினைவாற்றல் குன்றிவருகிறதே என்ற கவலை பிறந்த பின்னரே அவை ஏட்டில் ஏறின. கிர்நார் மலைக் குகையில் தரசேனாசாரியார் புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு மாணவர்களுக்கு ஓதுவித்தது பற்றி ஒரு மரபு கூறுகிறது. வல்லபியில் தேவர்த்திகணி அவையைக் கூட்டித் தொகுத்தது பற்றி மற்றொரு மரபு கூறுகிறது. இரண்டிலும் செவியே முன்னது, ஏடு பின்னது.

இங்கிருந்து சிறிது தொலைவில் உத்தமபாளையம் இருக்கிறது. அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. அச்சணந்தி, அரிட்டநேமி முதலிய பெயர்கள் அவற்றில் காணப்படுகின்றன. நான் தமிழாசிரியன், எழுதப்பட்டிருப்பதோ தமிழ். ஆயினும் அந்த எழுத்தின் முன் நான் கண்ணிருந்தும் படிக்க இயலாதவனாகவே நின்றேன். அறிந்த ஒருவர் படித்துச் சொன்னபோதுதான் கல் பேசிற்று. அச்சிட்ட பக்கத்தின் முன் என் தாயார் எந்த நிலையில் இருந்தாரோ, அந்தப் பாறையின் முன் நானும் அதே நிலையில் இருந்தேன். படித்துச் சொல்ல ஒரு குரல் வேண்டும் என்பது கண் இழந்தவர்களுக்கு மட்டும் உரிய தேவை அன்று.

மேல்நாட்டிலும் பேசும் நூல் கண்ணிழந்தோர் பொருட்டே வளர்ந்தது. 1877-இல் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டறிந்த எடிசன், அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, பார்வையற்றோருக்கு நூல் படித்துக் காட்டுவதையும் அதில் சேர்த்தார். அமெரிக்காவில் 1931-இல் பார்வையற்றோருக்கான நூல்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1935-இல் இசைத்தட்டுகளில் பேசும் நூல்கள் அஞ்சலில் வீடு தேடி வரத் தொடங்கின.

இலவசம் எது, களவு எது?

வழிகளைச் சொல்லுமுன் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதே களவு என்பது சமண நூல்கள் கூறும் இலக்கணம். அணுவிரதங்கள் ஐந்தில் கள்ளாமையும் ஒன்று. இணையத்தில் விலையின்றிக் கிடைப்பவை எல்லாம் நமக்குக் கொடுக்கப்பட்டவை அல்ல. நேற்று விற்பனைக்கு வந்த ஒலிநூலை யாரோ ஒருவர் படியெடுத்துக் குழுக்களில் அனுப்புகிறார். அது எழுதியவரிடமிருந்தும் படித்தவரிடமிருந்தும் எடுக்கப்பட்ட பொருள். அதைக் கேட்டுக்கொண்டே விரதம் காக்க இயலாது.

முறையாகக் கொடுக்கப்பட்டவை மூன்று வகை. முதல் வகை, உரிமைக் காலம் முடிந்தவை. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரை நூலின் உரிமை அவர் வழியினருக்கு உண்டு. அதன் பின் அது அனைவருக்கும் பொது. தமிழ்நாட்டில் இதனினும் சிறந்த ஏற்பாடு ஒன்று உள்ளது. அரசு குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை அளித்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. பாரதியார் பாடல்கள் 1949-இலேயே நாட்டுடைமை ஆயின. கல்கி உள்ளிட்ட பலருடைய நூல்களும் பின்னர் அவ்வாறாயின. இரண்டாம் வகை, ஆசிரியரோ படித்தவரோ தாமே முன்வந்து ‘யாரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அறிவித்துக் கொடுப்பவை. மூன்றாம் வகை, நூலகம் நமக்காகப் பெற்று இரவல் தருபவை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நூலின் உரிமை வேறு. ஒலிப்பதிவின் உரிமை வேறு. நாட்டுடைமையான நாவலை ஒரு நிறுவனம் பொருள் செலவிட்டு நடிகர்களைக் கொண்டு பதிவு செய்திருந்தால், நாவல் பொதுவானாலும் அந்தப் பதிவு அந்த நிறுவனத்திற்கே உரியது. அதே நாவலை நீங்கள் உங்கள் குரலில் படித்துப் பதிவு செய்யத் தடை ஏதும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் இங்கு வருவேன்.

எங்கே தேடுவது?

முதலிற் சொல்லத்தக்கது லிப்ரிவாக்ஸ். கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஹ்யூ மெக்குவயர் 2005-இல் இதைத் தொடங்கினார். உரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் தத்தம் வீட்டிலிருந்தே படித்துப் பதிவு செய்கிறார்கள். இன்னொரு தன்னார்வலர் கேட்டுப் பிழை பார்க்கிறார். பின்னர் அது உலகிற்கே பொதுவாக்கப்படுகிறது. அங்கே பெயரைப் பதிய வேண்டுவதில்லை, பணம் கேட்பதுமில்லை. ஆங்கிலத்தில் பல்லாயிரம் நூல்கள் உள்ளன. நம் பிள்ளைகள் ஆங்கிலச் செவ்வியல் நூல்களைச் செம்மையான உச்சரிப்போடு கேட்க இதனினும் நல்ல இடம் இல்லை. தமிழில் உள்ளவை மிகச் சிலவே. அமெரிக்கச் சட்டப்படி உரிமை நீங்கிய நூல்களை மட்டுமே அவர்கள் ஏற்பார்கள் என்பதால், அண்மைக் கால நாவல்களைவிடப் பழந்தமிழ் நூல்களுக்கே அங்கு இடம் எளிது.

இரண்டாவது, இணைய ஆவணகம் எனப்படும் இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996-இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இந்தப் பொதுக் களஞ்சியத்தில்தான் லிப்ரிவாக்ஸ் ஒலிக்கோப்புகளும் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் ஒலிப்பதிவுகளும் அங்கே உண்டு. ஆனால் அங்கு யாரும் எதையும் ஏற்றலாம். ஆகவே ஒவ்வொரு பதிவின் கீழும் உரிமைக் குறிப்பு இருக்கிறதா, படித்தவர் தாமே கொடுத்ததா என்று பார்த்த பின்னரே இறக்கிக்கொள்ள வேண்டும்.

இறக்கினால் கைப்பேசியில் இடம் போதுமா என்று கேட்பீர்கள். லிப்ரிவாக்ஸின் சிறிய அளவுக் கோப்பு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 29 எம்.பி. தான். பத்து மணி நேர நூல் 300 எம்.பி.க்குள் அடங்கும். 32 ஜி.பி. நினைவட்டை ஒன்றில் ஆயிரம் மணி நேரத்திற்கு மேற்பட்ட வாசிப்பை வைக்கலாம். வீட்டில் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால், இணையம் எட்டாத மலைத் தோட்டத்திலும் கேட்கலாம்.

மூன்றாவது வழி, எழுத்தைக் குரலாக்குவது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், உலகெங்கும் உள்ள தமிழர்களின் உழைப்பைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு விலையின்றி வழங்கி வருகிறது. சீவக சிந்தாமணி, நாலடியார், சூளாமணி அனைத்தும் அங்கே உள்ளன. 2013 முதல் இயங்கும் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் தாமே கொடுத்த நூல்கள் உள்ளன. கைப்பேசியின் அமைப்புகளில் தமிழ்க் குரலை ஒருமுறை நிறுவிவிட்டால், இத்தகைய எழுத்தை அது படித்துக் காட்டும். ஆனால் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றிய நூல்களை அது அப்படியே படிக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள அரிய பழம் பதிப்புகள் பெரும்பாலும் அவ்வகையின. கண்ணுள்ளவர்களுக்கு அவை புதையல். செவிக்கு இன்னும் திறவாத கதவு.

இனி நூலகங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நம் மாநிலத்திற்குப் பெருமை தருவது. வீட்டுவரியோடு சேர்த்து நாம் செலுத்தும் நூலக வரி அதன் கொடை. ஆகவே நூலகம் நமது பொருள். அங்கே கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. நமக்கு அணிமையில், ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், மதுரையில் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு இருக்கிறது.

நேரில் செல்ல இயலாதோருக்கு ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் உண்டு. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறையும் இந்திய டெய்சி மன்றமும் டாட்டா கன்சல்டன்சி நிறுவனமும் இணைந்து 2016 ஆகஸ்டில் இதைத் தொடங்கின. பார்வையற்றோர், பார்வை குன்றியோர், கையால் நூலைப் பிடித்துப் புரட்ட இயலாதோர், எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் இயற்கையான இடர்ப்பாடு உள்ள மாணவர் ஆகியோர் சான்றிதழ் காட்டி உறுப்பினராகலாம். டெய்சி என்னும் வடிவில் உள்ள ஒலிநூலில், அச்சுநூலைப் புரட்டுவதுபோல் இயலுக்கு இயல் தாவிச் செல்லலாம். உரிமை முடியாத புதிய நூல்களும் இங்கே முறைப்படியே கிடைக்கின்றன. 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு இடம் தந்தது. படிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. என் தாயாரைப் போன்றோருக்கு இந்த வாயில் திறந்தே இருக்கிறது. அது தெரியாமல் வெளியே நிற்பவர்களே மிகுதி.

அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அங்குள்ள பொது நூலகங்கள் பலவற்றில் உறுப்பினர் அட்டை இருந்தால், லிப்பி என்னும் செயலி வழியாக ஒலிநூல்களை இரவல் பெறலாம். தவணை முடிந்ததும் நூல் தானே திரும்பிவிடும். தண்டம் கட்ட வேண்டுவதில்லை. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தமிழ் மின்னூல்களையும் இரவல் தருகிறது. ஊர் நூலகத்தில் தமிழ் ஒலிநூல் இல்லையெனில், வாங்கி வைக்குமாறு நூலகத்தாரைக் கேளுங்கள். கேட்கும் வாசகரைக் கொண்டுதான் நூலகம் தன் அலமாரியை நிரப்புகிறது.

பொறியின் குரலும் மனிதர் குரலும்

இத்தனை வழிகளையும் அறிந்துகொண்டு, ஒருநாள் பெருமிதத்தோடு என் தாயாரிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். உரைநடைக் கதை ஒன்றைப் பொறியின் குரலில் கேட்டார். மகிழ்ந்தார். மறுநாள் நாலடியாரை வைத்தேன். பத்துப் பாட்டுக் கேட்டுவிட்டு, “ஏய்யா, இது படிக்கலய்யா, ஒப்பிக்குது” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பழைய வெண்பாவில் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து கிடக்கின்றன. எங்கே பிரிப்பது, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்பது பொருள் அறிந்த நாவிற்கே தெரியும். பொறி எழுத்தை ஒலிக்கிறது. பொருள் உணர்ந்து நிறுத்துவதில்லை. அது நாளை திருந்தலாம். ஆனால் எப்படிப் படிக்க வேண்டும் என்று அதற்குக் காட்டவும் நல்ல வாசிப்பு வேண்டும் அல்லவா?

இங்கே உ.வே. சாமிநாதையர் அவர்களின் அனுபவத்தை நினைக்கிறேன். சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கிய ஐயர், நூலின் சமயக் கருத்துகளும் குறியீடுகளும் விளங்காமல் திகைத்தார். பெரும்புலவரிடம் பாடம் கேட்டவருக்கே அந்த நிலை. கும்பகோணத்தில் சமணர் இல்லம் ஒன்றுக்கு அவர் சென்றபோது, அங்கே சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்ததைக் கொண்டாடிக் கொண்டிருந்தார்கள்! கற்றோர் உலகம் மறந்துவிட்ட காப்பியம் ஒரு வீட்டின் கூடத்தில், படிப்பவர் குரலிலும் கேட்பவர் செவியிலும் உயிரோடு இருந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயரின் ஐயங்களைத் தீர்த்தார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஏட்டில் எழுத்து இருந்தது. ஆனால் அதன் பொருளைக் காத்து வைத்திருந்தது அந்தக் கூடத்து வாசிப்பு.

அப்படிப் படிக்கத் தெரிந்த முதியோர் இன்று எத்தனை பேர்? இந்த அவையிலும் சிலர் இருக்கக் கூடும். அவர்கள் குரல் எங்கும் பதிவாகவில்லை என்றால், அவர்களுக்குப் பின் நம் பேரப் பிள்ளைகளுக்கு எஞ்சுவது ஒப்பிக்கும் பொறி மட்டுமே. கேட்பதற்கு என்ன கிடைக்கும் என்று தேடிச் சென்ற நான், கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான்: நம் நூல்களை நாமே படித்துக் கொடுக்காவிட்டால், தேடினாலும் அவை கிடைக்கப் போவதில்லை.

நாற்பது பேர், நாற்பது அதிகாரம்

ஆகவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். நாலடியார் 400 வெண்பாக்களைக் கொண்டது. அதிகாரத்திற்குப் பத்தாக 40 அதிகாரங்கள். நாற்பது பேர் ஆளுக்கு ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டையும் முதலில் யாப்பு கெடாமல் ஒருமுறை, பிறகு சொல் பிரித்து ஒருமுறை, பின்னர் எளிய பொருளோடு படியுங்கள். பொருளுரையைப் பிறர் நூலிலிருந்து எடுக்காமல், பெரியவர்களிடம் கேட்டு நீங்களே எழுதுங்கள். பாட்டிற்கு மூன்று நிமிடம் என்றால் அதிகாரத்திற்கு அரை மணி நேரம். முழு நூலும் இருபது மணி நேரத்தில் முடிந்துவிடும், 600 எம்.பி.க்குள் அடங்கும்.

இதற்குக் கூடம் வேண்டா, கருவிகள் வேண்டா. விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் மடித்த துணியின் மேல் வையுங்கள். நூற்பெயரையும் அதிகாரத்தையும் முதலில் சொல்லுங்கள். பின்னணி இசை சேர்க்காதீர்கள். செவி மங்கிய முதியோருக்கு அது இடையூறு. தவறினால் அந்த வரியை மட்டும் மீண்டும் படியுங்கள். பிறகு ஒருவர் பதிவை இன்னொருவர் நூலோடு ஒப்பிட்டுக் கேட்கட்டும். கோப்புகளுக்கு வரிசை எண் இட்டு, ‘யாரும் கேட்கலாம், யாரும் படியெடுக்கலாம்’ என்ற குறிப்போடு இணைய ஆவணகத்தில் ஏற்றுவோம். இணையம் இல்லாத வீடுகளுக்கு நினைவட்டையில் ஏற்றிக் கொடுப்போம். கிளை நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி வழங்குவோம்.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு என்பர் சமணப் பெரியோர். முன்னாளில் சாஸ்திர தானம் என்றால் ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பது. இன்று ஒருவர் தம் குரலைக் கொடுப்பதும் அதுவே. செல்வர் வறியர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையும் செய்யலாம்.

நாலடியாரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பாண்டிய நாட்டை விட்டுச் சென்ற எண்ணாயிரம் சமண முனிவர் ஆளுக்கொரு பாட்டை எழுதி வைத்துச் சென்றனர் என்றும், மன்னன் அவ்வேடுகளை வையையில் எறியுமாறு செய்தான் என்றும், வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்த நானூறு ஏடுகளே நூலாயின என்றும் சொல்வார்கள். வரலாறு என்று அதை நான் கூறவில்லை. ஆயினும் வையை பிறப்பது நம் மாவட்டத்து மலைகளில். மதுரையில் எறிந்த ஏடு எதிர்த்து ஏறினால், அது நம்மை நோக்கித்தானே வர வேண்டும்? வந்த ஏட்டை எடுத்துப் படிக்க இங்கே நாற்பது பேர் இல்லாமலா போவார்கள்?

முதல் அதிகாரத்தை நான் படித்துவிட்டேன். பதிவு செய்தபோது மூன்று இடங்களில் நிறுத்தம் தவறியதாக என் தாயார் திருத்தினார். திருத்தியபடியே மீண்டும் படித்தேன். இரண்டாம் அதிகாரத்தை அவர் தம் நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன் என்று கூறியிருக்கிறார். மீதி முப்பத்தெட்டு உங்களுடையவை. இன்று கூட்டம் முடிந்ததும் வாயிலில் ஒரு குறிப்பேடு வைக்கப்படும். அதிகார எண்ணுக்கு எதிரே உங்கள் பெயரை எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டு அமைகிறேன்.